நீலத்தைக் குறைக்கச் சொன்னால்?

கேள்வி: வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், சுதந்திர தினத்துக்காக 20 அடிக்கு 10 அடியில் சுவரோவியம் கேட்டிருக்கிறார்கள். காசிமேட்டு மீன்கார அம்மா, ஒரு தூய்மைப் பணியாளர், ஒரு ஆட்டோக்காரர், பின்னால் கடல். அம்மா தலையில் கூடைக்கு அடியில் மூவர்ணச் சும்மாடு. கோட்டுப்படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சும்மாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. 'சுதந்திர தினத்துக்குக் குப்பை அள்ளுறவங்களா?', 'பாரத மாதா, ராணுவ வீரர் போடுங்க', 'நீலம் ஜாஸ்தி, கட்சிக் கலர் மாதிரி இருக்கு. குறைங்க'. ஒருவர் 'தேசத்துரோகப் படம்' என்றே எழுதிவிட்டார். 'எந்த ஏரியா?' என்று கேட்ட பிறகு எனக்கு சர்வீஸ் லிஃப்ட் மட்டும்தான். இன்னொரு பக்கம், ஒரு குழுக் கண்காட்சிக்கு அழைத்தவர் என் பெயருக்குக் கீழே 'தலித் ஓவியர்' என்று போட்டுக்கொள்ளட்டுமா என்கிறார். கோட்டுப்படத்தையும் குழுவின் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். ஒப்பந்தம் என்று கையில் இருப்பது செயலாளரின் வாட்ஸ்அப் செய்தி மட்டும். மூன்று வாரமாக ஒரு கோடுகூட வரவில்லை. படத்தை மாற்றட்டுமா? வழக்கு ஏதும் வருமா? இல்லை, இவங்க எல்லாம் இப்படித்தான் என்று வேலையை விட்டுவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: முதலில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூவர்ணச் சும்மாட்டை எடுத்துவிடுங்கள். சங்கத்தாருக்காக இல்லை, அவர்கள்தான் அதைக் கவனிக்கவே இல்லையே. ஆனால் உங்கள் படத்தில் சட்டத்தைக் காட்டி எவராவது கை வைக்க இடம் இருக்கிறதென்றால், அது அந்த ஒரு சாண் துணியில்தான் இருக்கிறது.

1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கொடி என்று சொல்லும்போது கம்பத்தில் பறக்கும் துணியை மட்டும் சொல்லவில்லை. வரைந்தது, படம் பிடித்தது, எதன் மேல் எதனால் செய்தது, ஒரு பகுதி மட்டும் தெரிவது என எல்லாமே அதன் கணக்கில் கொடிதான். எவையெல்லாம் அவமதிப்பு என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உடுத்துவது, கைக்குட்டையிலும் ஆடைத் துணியிலும் அச்சிடுவது, கொடி மேல் எழுதுவது, பொருளைப் பொதிந்து சுமக்கப் பயன்படுத்துவது, தெரிந்தே தரையில் படவிடுவது, காவி கீழே வரும்படி காட்டுவது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சக்கரம் இல்லாத மூன்று பட்டைச் சும்மாடு இதில் விழுமா? விழாது என்று நல்ல வழக்கறிஞர் ஒருவர் வாதாடி நிறுவலாம். அவர் வாதாடி முடிக்கும்வரை உங்கள் சுவர் வெள்ளையடிக்கப்பட்டுக் கிடக்கும்.

சட்டத்தை விடுங்கள். ஓவியமாகப் பார்த்தாலும் அது பலவீனமான இடம். அந்த அம்மா தலையில் உண்மையில் இருப்பது பழைய புடவைக் கிழிசலை முறுக்கிச் சுற்றிய வளையம். ஈரம், செதில், நூல் பிரிந்த ஓரம், ஒரு பக்கம் அமுங்கிப்போன வடிவம் என்று வரைய எவ்வளவோ இருக்கிறது. மூன்று பட்டை அத்தனையையும் மூடிவிட்டது. நிறங்கள் வேண்டுமானால் காசிமேட்டிலேயே இருக்கின்றன. காலை 6 மணிக்குக் கடல் பக்கமிருந்து வரும் வெயில் கூடையின் விளிம்பில் காவியாகத்தான் விழும். உடைத்துக் கொட்டிய ஐஸ் வெள்ளை. குவித்துப் போட்ட நைலான் வலை பச்சை. கொடியைத் தேடி வருபவர் கண்டுபிடித்துக்கொள்வார். தேடாதவர் மீன் வாங்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

வெளிச்சுவரில் கொடியைப் பெரிதாக வரையாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இது பெயின்ட் சம்பந்தப்பட்டது. சென்னை வெயிலில் முதலில் வெளிறுவது பளிச்சென்ற ஆரஞ்சும் மஞ்சளும்தான். அவற்றில் சேரும் ஆர்கானிக் நிறமிகள் பலவும் புற ஊதாக் கதிருக்குத் தாங்குவதில்லை. நீலமும் பச்சையும் நிற்கும், காவி போய்விடும். சில வருடங்களில் மேல் பட்டை சோகை பிடித்த மாதிரி ஆகி, கீழே உப்பு பூத்துப் பச்சை உரிந்து தொங்கும். சேதமான, சீர்குலைந்த கொடியைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு. தேசபக்திக்காக வரைந்த படமே மூன்றாம் வருடம் புகார் மனுவாக மாறுகிற விந்தை இது. செம்மண், காவிக்கல், மஞ்சள் ஆக்சைடு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் அப்படி வெளிறாது. கூடை விளிம்பின் வெயிலுக்கு மஞ்சள் ஆக்சைடும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும்.

எங்காவது ஒரு கொடி இருந்தே ஆக வேண்டும் என்று சங்கம் கேட்டால், ஆட்டோவின் முன்கண்ணாடிக்குள் சின்னதாக ஒன்று வையுங்கள். வைத்தால் சரியாக வையுங்கள். நீளமும் உயரமும் 3க்கு 2. 900 மி.மீ.க்கு 600 மி.மீ. கொடியில் ஒவ்வொரு பட்டையும் 200 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். ஆரங்கள் 24. கண்ணளவில் போட்டால் 20, 22 என்று நின்றுவிடும். வட்டம் போட்ட அதே காம்பஸ் அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே எட்டு வைத்தால் 6 புள்ளி வரும். இரண்டு புள்ளிக்கு நடுவே பாதியாகப் பிரித்தால் 12, மறுபடி பிரித்தால் 24. ஆரத்துக்கு ஆரம் 15 பாகை. நிறம் கருநீலம். கறுப்பும் இல்லை, வான நீலமும் இல்லை. அதன் மேலோ அருகில் ஒட்டியோ கட்டுமான நிறுவனத்தின் பெயர் வர விடாதீர்கள். கொடியையும் அரசுச் சின்னத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

இனி ஆட்கள். சும்மாட்டை விட்டுக்கொடுக்கச் சொன்ன நானே, அந்த மூன்று பேரில் ஒருவரையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்கிறேன். சுதந்திர தினத்துக்கு உழைப்பவர்களை வரைவது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குக் காந்தி கேட்டுக்கொண்டதால் வங்க ஓவியர் நந்தலால் போஸ் வரைந்த பலகைப் படங்களைச் சங்கத்தாருக்குக் காட்டுங்கள். மேளம் அடிப்பவர், தச்சர், குயவர், செருப்புத் தைப்பவர், நூல் நூற்பவர். தலைவர்களின் உருவங்களால் பந்தலை நிறைக்கவில்லை. அதே நந்தலாலும் சாந்திநிகேதன் மாணவர்களும்தான் பிறகு அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதிக்குச் சித்திரம் தீட்டினார்கள். 'பாரத மாதா போடுங்க' என்பவருக்கு அபனீந்திரநாத் தாகூர் 1905இல் வரைந்த பாரத மாதாவைக் காட்டுங்கள். நான்கு கை. ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் துணி, ஒன்றில் ஏடு, ஒன்றில் ஜெபமாலை. வேல் இல்லை, சிங்கம் இல்லை, வரைபடம் இல்லை, கொடியும் இல்லை. கதிரை அறுத்தவரும் துணியை நெய்தவரும் படத்துக்கு வெளியே இருக்கிறார்கள். நீங்கள் அவர்களை உள்ளே கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான். இதைக் கூட்டத்தில் வாதமாகப் பேசாதீர்கள். இரண்டு படத்தையும் ஏ3 அளவில் அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ராணுவ வீரரைச் சேர்ப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நாலாவது ஆளாக, விடுமுறையில் ஊருக்கு வந்து, பெட்டியோடு ஆட்டோவில் ஏறுகிறவராக அவர் வரலாம். தூய்மைப் பணியாளரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவரை நிறுத்தச் சொன்னால் அது வேறு பேச்சு, அங்கே முடியாது என்று சொல்லுங்கள். கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் மரியாதை தர வேண்டும் என்று குடிமக்களின் கடமையாகச் சொல்வது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு, 1976இல் சேர்த்தது. அதே பட்டியலில் சில வரி தள்ளி, மதம், மொழி, வட்டாரம் கடந்து எல்லாரிடமும் சகோதர உணர்வை வளர்க்க வேண்டும் என்பதும் கடமையாக இருக்கிறது. முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நம்மிடையே ஏராளம்.

வழக்கு வருமா என்று கேட்டீர்கள். 'தேசத்துரோகம்' என்று பத்திரிகைகள் எழுதிவந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே 11 அன்று நிறுத்திவைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு பிரிவினை, ஆயுதக் கலகம், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து என்று பேசுகிறது. குப்பை வண்டிக்கு அருகில் நிற்கும் ஒருவரின் படத்துக்கும் அதற்கும் எட்டாத தூரம். தேசபக்தியை வாய்விட்டுச் சொல்லித்தான் நிரூபிக்க வேண்டும் என்பதும் இல்லை. தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் வாய் திறந்து பாடாத கேரளப் பள்ளிப் பிள்ளைகள் மூவரை வெளியேற்றியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பு வரும் என்ற பயத்தில் அரசு ஒரு படைப்பை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்று 1989இல் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் வழக்கில் வந்த தீர்ப்பு அரசைக் கட்டும், குடியிருப்புச் சங்கத்தைக் கட்டாது. அது அவர்கள் சுவர். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அதைத் தணிக்கை என்று முகநூலில் எழுதினால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். உங்களுக்கு இருப்பது கட்டளையை மறுக்கும் உரிமையும், செய்த வேலைக்குப் பணம் கேட்கும் உரிமையும்.

இனி நீலம். நீலத்தைக் குறைக்கச் சொன்னவர் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவர் வாயாலேயே சொல்லவைப்பதில் பயனில்லை. கடல் நீலம்தான், கொடியின் நடுவில் உள்ள சக்கரமும் நீலம்தான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, தொழில் காரணத்தைச் சொல்லுங்கள். பெயின்டில் கலக்கும் நிறச் சாறான ஸ்டெய்னர், கடையில் ஃபாஸ்ட் புளூ என்ற பெயரில் கிடைக்கும். அதில் இருப்பது தாலோ நீலம் என்ற நிறமி. வெயிலுக்கும் சிமென்ட்டின் காரத்துக்கும் அது தாங்கும். பிரஷ்யன் நீலத்தைப் புதுப் பூச்சில் போட்டால் காரம் தின்றுவிடும். நீங்கள் கொடுக்கும் வண்ணங்களில் 5 வருடம் கழித்தும் மாறாமல் நிற்கப்போகிறவற்றில் இந்த நீலமும் ஒன்று. பராமரிப்புச் செலவு என்ற சொல்லைக் கேட்டதும் சங்கப் பொருளாளர் நீலத்தின் பக்கம் வந்துவிடுவார். இந்த ஊரில் அது எந்தக் கொள்கையைவிடவும் வலுவான வாதம்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. பாரபட்சம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இல்லை. நம் தூரிகையிலும் பழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய கோட்டுப்படத்தில் தொடுவானம் மேலே, ஏறக்குறைய 9 அடியில் இருக்கிறது. அதன் விளைவு, மூன்று பேரையும் மாடியிலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். பால்கனியிலிருந்து பார்ப்பவரின் கண் அது, உங்கள் கண் இல்லை. தூய்மைப் பணியாளரின் முகம் தொப்பி நிழலில் கரைந்துவிட்டது. முதுகுதான் தெரிகிறது. அனுதாபத்தோடு வரையும்போதுதான் இது அதிகம் நடக்கும்.

சரிசெய்யும் வழி இது. சுவருக்கு எதிரே நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருக்கும். அங்கே சாக்பொடி நூல் அடித்து, அதையே தொடுவானமாக வையுங்கள். நிற்கும் மூன்று பேரின் கண்களையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிட்டத்தில் இருப்பவர் பெரிதாகி இடுப்போடு வெட்டுப்படுவார், தள்ளி நிற்பவருக்கு முழங்கால் வரை தெரியும். வெட்டுப்படட்டும். மேலே மிஞ்சுகிற இடத்தைக் கூடையும் வானமும் எடுத்துக்கொள்ளும். ஒரு சிக்கல் வரும்: கடல் கோடு நேராகக் கண் வழியாகப் போனால் முகத்தை வெட்டுகிற மாதிரி இருக்கும். தலைகளுக்குப் பின்னால் படகின் மூக்கையோ வலைக் குவியலையோ வைத்து அந்த இடங்களில் மட்டும் கோட்டை உடையுங்கள். இதற்கு எதிர்த்திசைத் தப்பும் உண்டு. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையில் பாறையைப் புரட்டும் நால்வரும் பீடத்தின் மேல் இருக்கிறார்கள். தசையும் முறுக்கும் அபாரம். அண்ணாந்து வணங்கலாம், கண்ணோடு கண் பார்க்க முடியாது. நால்வரில் ஒரு பெண்கூட இல்லை. நினைவுச் சின்னத்துக்கு அது சரியாக இருக்கலாம். குடியிருப்பில் தினமும் குழந்தையோடு நடந்து போகிறவர் பார்க்கும் சுவருக்குக் கண் மட்டமே சரி.

தோல் நிறத்துக்கும் இதே கதைதான். கடைப் பழக்கத்தில் உழைப்பவர் என்றால் சாக்லேட் பழுப்பில் கறுப்பைக் கலந்து பூசிவிடுவார்கள். கறுப்பு கலந்த தோல் கரி மாதிரி செத்துப்போகும். பர்ன்ட் சியன்னா 3 பங்கு, மஞ்சள் ஆக்சைடு 1 பங்கு, தாலோ நீலம் குச்சி முனையில் தொட்டுத் தொட்டு. அந்த நீலம் மிக வலுவானது, ஒரு சொட்டு அதிகமானால் முகம் பச்சையடிக்கும். வெளிச்சம் படுகிற இடத்துக்கு வெள்ளையைத் தொடாதீர்கள். கறுத்த நெற்றியின் மினுக்கம் வானத்தின் சாம்பல் நீலம், கன்னத்தின் கீழ்ப்பகுதியில் மணலின் மஞ்சள் ஏறும். வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னரைக் கொட்டிக் கொட்டி இந்த நிறத்தைக் கொண்டுவரவும் பார்க்காதீர்கள். எவ்வளவு ஊற்றினாலும் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளிறிக்கொண்டே இருக்கும். ஸ்டெய்னர் மிஞ்சினால் படலம் சரியாகக் காயாமல் பிசுக்கும், மழையில் வழியும். கடையில் டீப் பேஸ் (வெள்ளை குறைவாக உள்ள, அடர்நிறத்துக்கான அடிப் பெயின்ட்) கேட்டு மெஷினில் டின்ட் போடச் சொல்லி, தோலுக்கு மட்டும் மூன்று சாயலில் ஒரு லிட்டர் டின் வாங்குங்கள். வெள்ளை பேஸில் கறுத்த தோல் வராது.

லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். சர்வீஸ் லிஃப்ட் எல்லா வேலைக்காரர்களுக்கும் பொது விதியா, 'எந்த ஏரியா' என்ற கேள்விக்குப் பிறகு உங்களுக்கு மட்டும் வந்ததா என்று முதலில் பாருங்கள். இரண்டாவதுதான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. சென்னையில் முகவரியைச் சொன்னால் முகம் மாறுவது புதிதில்லை. குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரின் சுவர்களில் 2020இல் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன, ஊரே போய்ப் படமெடுத்தது. அந்த முகவரியை எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்ற குறை அதற்கு முன்பும் இருந்தது, பிறகும் இருக்கிறது. காவலாளியிடம் சண்டை போடாதீர்கள், அவர் சம்பளத்துக்குச் சொன்னதைச் செய்கிறார். இதைத் தீர்க்கும் இடம் ஒப்பந்தத் தாள்.

உங்களிடம் இருப்பது செயலாளரின் வாட்ஸ்அப் செய்தி மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. சங்கத்தின் கடிதத் தாளில் இரண்டு பக்கம் வாங்குங்கள். அதில் வேலை நேரம், எந்த லிஃப்ட், எந்தக் கழிப்பறை, குடிதண்ணீர், சாரம் யார் செலவு என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். கழிப்பறையும் தண்ணீரும் தாளில் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பிரச்சினை வரும், அப்போது நீங்கள் சாரத்தின் மேல் இருப்பீர்கள். ஒப்புதல் தருபவர் ஒரே ஒருவர், பெயரோடு. குழு ஒப்புதல் தரக் கூடாது. அளவு போட்ட வண்ணக் கோட்டுப்படத்தின் மேலேயே அவர் கையெழுத்து. இரண்டு முறை திருத்தம் இலவசம், கோடு சுவருக்கு ஏறிய பிறகு வரும் திருத்தத்துக்குச் சதுர அடிக் கணக்கில் தனிப் பணம். 40 சதவீதம் முன்பணம், கோடு ஏறியதும் 40, முடிந்ததும் 20. வேலையை அவர்கள் நிறுத்தினால் முன்பணம் திரும்பாது. சுவர் தெருவைப் பார்த்தது என்றால் அந்தச் சம்மதமும் எழுத்தில்.

பதிப்புரிமைக்கும் ஒரு வரி வேண்டும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். ஓவியர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'பதிப்புரிமை ஓவியருக்கே, சங்கம் தன் செய்திமடலில் வெளியிடலாம்' என்று எழுதினால் தீர்ந்தது. பெயர் போடும் உரிமையும், பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவில் எப்படியும் உங்களிடமே இருக்கும். டெல்லியில் அரசின் மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனிலிருந்து தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது இந்தப் பிரிவின் கீழ்தான். பெயர்த்தது 1979இல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் கடைசி வழி.

குழுவில் வந்த வார்த்தைகளில் சாதிப் பெயர் இல்லை என்று தெரிகிறது. இனி வந்தால், பொதுவில் பிறர் பார்வையில் படும்படி சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் வரும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. மூலச் செய்தி உள்ள போனை அப்படியே வைத்திருங்கள், அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

'தலித் ஓவியர்' என்ற அடைமொழி உங்கள் முடிவு. அதைப் பெருமையோடு தாங்களே முன்வைத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அது வலிமை. ஆனால் அழைப்பவர் அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கண்காட்சியின் மற்ற ஓவியர்களுக்கு எழுதியுள்ள குறிப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஊடகம், படிப்பு, கோடு, நிறம் பற்றி நாலு வரியும் உங்களுக்குப் பிறப்பு பற்றி ஒரு வரியும் இருந்தால், அங்கே உங்கள் படத்தை யாரும் பார்க்கவில்லை. உங்கள் குறிப்பை நீங்களே 60 சொல்லில் எழுதி அனுப்புங்கள். அதில் அந்தச் சொல் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். ஆனால் இந்தியன் இங்க் எப்படிக் காகிதத்தில் ஊறுகிறது என்பதும் இருக்கட்டும்.

மூன்று வாரமாகக் கோடு வராததற்குக் காரணம் ஊக்கக் குறைவு இல்லை. ஒவ்வொரு கோட்டையும் போடும் முன்பே அந்தக் குழு என்ன சொல்லும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நிரூபிப்பதற்காக வரைகிற கை இறுகிவிடும். குழுவிலிருந்து வெளியேறுங்கள், செயலாளரோடு மட்டும் பேச்சு. பிறகு சுவருக்குச் சம்பந்தமில்லாத வேலை ஒன்று வேண்டும். ஏ5 தாள், ஒரே பேனா, தினம் ஒரே இடம், 20 நிமிடம், 3 படம். பேசின் பிரிட்ஜ் ரயில் மேடையோ காசிமேடு ஏலக்கூடமோ. அழிப்பான் கிடையாது, கொடி கிடையாது, வாசகம் கிடையாது, யாருக்கும் அனுப்புவது கிடையாது. முதல் நாலு நாள் படங்கள் மோசமாக இருக்கும், ஐந்தாம் நாள் கை பார்க்க ஆரம்பிக்கும். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியைக் கோடு கோடாக வரைந்தார். அதே கருப்பு மையால் பிறகு மகாராஜாக்களைக் கேலியாக வரைந்தார். பக்திக்கு ஒரு பேனா, விமர்சனத்துக்கு ஒரு பேனா என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. வங்கப் பஞ்சத்தை 1943இல் கிராமம் கிராமமாக நடந்து வரைந்த சித்தபிரசாத்தின் புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. பட்டினி கிடந்தவர்களை உள்ளபடி வரைந்ததுதான் குற்றம்.

வயிற்றுப்பாட்டுக்குச் சுவர் வேலையும் சொந்தப் படமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். இந்தச் சுவரில் உங்கள் வாழ்க்கைத் தத்துவம் முழுவதையும் ஏற்ற வேண்டியதில்லை.

'இவங்க எல்லாம் இப்படித்தான்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குழுவில் எத்தனை பேர் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பேசியவர்கள் ஐந்து பேர். கோட்டுப்படத்துக்கு இதயம் போட்டவர்கள் பதினொன்று. பதினொருவரும் வாய் திறக்கவில்லை என்பது அவர்கள் தப்பு, அதற்காக அவர்களை அந்த ஐந்தில் சேர்க்க முடியாது. செயலாளரிடம் பேசும்போது இந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு இருக்கிறது. இரண்டு பேர் வேலை செய்தால் 200 சதுர அடிக்குச் சுரண்டல், கழுவல், உப்பு பூத்த இடத்தில் பூச்சைத் தட்டிப் புதுப்பித்தல் 2 நாள். புதுப் பூச்சு ஆற 28 நாள் வேண்டும். ஆகவே பெரிய ஒட்டுவேலை தேவைப்பட்டால் அந்தச் சுவரையே விடுங்கள். பட்டியும் வெளிச்சுவர் பிரைமரும் 2 நாள், நூலடித்துக் கோடு ஏற்ற 1 நாள், வண்ணம் 8 நாள், மேல்பூச்சு 1 நாள். ஆகஸ்டில் சாயங்கால இடிமழைக்கு 4 நாள் ஒதுக்குங்கள். கீழே 2 அடிக்குப் படம் வேண்டாம், செம்மண் நிறத்தில் ஒரு பட்டை போதும். தெருநாயும் துடைப்பமும் அங்கேதான் உரசும். இப்போதே ஒரு அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் உள்பக்கம் நீர் கோத்திருந்தால், ஒழுகுகிற குழாயைக் கண்டுபிடிக்காமல் டின்னைத் திறக்காதீர்கள். இதையெல்லாம் கூட்டினால் ஜூலை 25க்குள் கையெழுத்தும் முன்பணமும் வந்திருக்க வேண்டும். 26ஆம் தேதி காலைவரை வரவில்லை என்றால், வேலையை ஏற்க இயலவில்லை என்று செயலாளருக்கு இரண்டு வரி அனுப்பிவிட்டு, கோட்டுப்படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மீன்கார அம்மாவை 4 அடி கான்வாஸில் வரையலாம்.